டிக்கெட் காட்ட முடியாதவர் புகார் கொடுக்கக் கூடாதா? வாசகிக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

சென்னையில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கும் படித்துவரும் 27 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வாரக் கடைசியில் விழுப்புரத்துக்கு அப்பால் உள்ள சொந்த ஊருக்கு ரயிலில் போய்வருவது அவருடைய வழக்கம். அவர் யார் என்பது தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக ரயில், சம்பவம் நடந்த நிலையம், நாள் ஆகியவற்றை விட்டுவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அன்று மாலை கைப்பேசிச் செயலியில் பொதுப்பெட்டிக்கான டிக்கெட் எடுத்துக்கொண்டு தாம்பரத்தில் பெண்கள் பெட்டியில் ஏறியிருக்கிறார். அங்கே ஆண்களும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் உரசுவதும் ஆபாசமாகப் பேசுவதுமாக இருந்தான். இவர் இடம் மாறி உட்கார்ந்தால் அங்கேயும் வந்து நின்றான். செங்கல்பட்டுக்குப் பிறகு வண்டி நின்ற நிலையத்தில் இறங்கி ஓடி, குடும்பங்கள் இருக்கும் என்ற நம்பிக்கையில் படுக்கை வசதிப் பெட்டியில் ஏறிக்கொண்டார். சற்று நேரத்தில் பரிசோதகர் வந்து டிக்கெட் கேட்டார். கைப்பேசி சார்ஜ் இல்லாமல் அணைந்து போயிருந்தது. படுக்கை வசதிக் கட்டணமும் ஃபைனும் கட்டச் சொன்னபோது கையில் இருந்தது 120 ரூபாய். பின்தொடர்ந்தவனைப் பற்றிச் சொன்னதற்கு, “அதையெல்லாம் போலீஸ்ல சொல்லும்மா, டிக்கெட் இருக்கா, இல்லையா?” என்பதே பதில். ஒரு தாளில் பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அடுத்து வந்த சிறிய நிலையத்தில் அவரை இறக்கிவிட்டிருக்கிறார். அப்போது இரவு ஏறக்குறைய ஒன்பதரை மணி. நிலைய அதிகாரியின் அறை வாசலைத் தவிர மற்ற இடமெல்லாம் இருட்டு. நடைமேடைக் கோடியில் சிலர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, நிலைய ஊழியரான பாயிண்ட்ஸ்மேன் ஒருவரின் கைப்பேசியை வாங்கி அப்பாவை அழைத்திருக்கிறார். அவர் பைக்கில் வந்து சேர ஒரு மணி நேரம் ஆயிற்று.

இது நடந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. “நீ டிக்கெட் இல்லாமல் போனவள், புகார் கொடுத்தால் கேஸ் உன் மேலேதான் திரும்பும்” என்கிறார் அம்மா. பத்து லட்சம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட வேண்டும், அந்தப் பரிசோதகரை நேரிலும் பார்த்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்கிறார் அப்பா. தம்பிக்கோ அந்தப் பரிசோதகரின் படத்தைக் கண்டுபிடித்து இணையத்தில் போட வேண்டும். வாசகியின் கேள்விகள் மூன்று: எனக்குப் புகார் கொடுக்கும் தகுதி இருக்கிறதா? என் மேல் வழக்கு இருக்கிறதா? அரசு வேலைக்கு இது தடையாகுமா?

இனி உங்களிடமே நேராகப் பேசுகிறேன்.

உங்கள் வீட்டில் எல்லோரும் இரண்டு தனித்தனிக் கணக்குகளை ஒன்றாக்கிக் குழம்பியிருக்கிறார்கள். ரயில்வேக்கு நீங்கள் ஏதாவது பணம் தர வேண்டியிருக்கிறதா என்பது ஒரு கணக்கு. ஒருவன் உங்களைத் தொட்டதும், ஓர் ஊழியர் உங்களை இரவில் ஆளில்லாத நிலையத்தில் இறக்கிவிட்டதும் இன்னொரு கணக்கு. மளிகைக் கடையில் கடன் பாக்கி வைத்திருப்பவரின் பையில் ஒருவன் கைவிட்டால், பாக்கி இருக்கிறது என்பதற்காக அது திருட்டு இல்லை என்று எந்தக் காவல் நிலையமும் சொல்லாது. முதல் கணக்கில் நீங்கள் கொஞ்சம் பாக்கிக்காரர் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது கணக்கில் சட்டம் முழுக்க உங்கள் பக்கம் நிற்கிறது.

கட்டணக் கணக்கு

“டிக்கெட் எடுத்திருந்தேன், அது செயலியில் இருக்கிறது, அப்படியிருக்க என்னிடம் பணம் கேட்டதே தவறு” என்று எழுதியிருக்கிறீர்கள். இதை ஏற்க முடியவில்லை. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 54ஆம் பிரிவின்படி, கேட்டவுடன் டிக்கெட்டைக் காட்ட வேண்டியது பயணியின் கடமை. கைப்பேசி டிக்கெட்டைச் செயலியைத் திறந்துதான் காட்ட வேண்டும். அதன் ஸ்கிரீன்ஷாட்கூடச் செல்லாது. பேட்டரி தீர்ந்துவிட்டால் அந்த நேரத்துக்கு டிக்கெட் இல்லாதவராகத்தான் பரிசோதகர் உங்களைக் கருத முடியும். தவிரவும், அது பொதுப்பெட்டி டிக்கெட். படுக்கை வசதிப் பெட்டியில் ஏறியது உயர் வகுப்பில் பயணம் செய்ததாகிவிடுகிறது. நீங்கள் ஏறியதற்கான காரணம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் வகுப்பு வித்தியாசம் மாறுவதில்லை.

இப்படிப்பட்ட நிலைக்கு 138ஆம் பிரிவு வழி சொல்கிறது. உரிய கட்டணத்தோடு, அதே அளவு தொகை அல்லது 250 ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதைக் கூடுதலாகக் கட்ட வேண்டும். உங்கள் பயண தூரத்துக்குக் கட்டணம் 250 ரூபாய்க்குள்தான் வரும் என்பதால் கூடுதல் தொகை 250 ரூபாயாகத்தான் இருந்திருக்கும். இதை நாம் அபராதம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் இது நீதிமன்றம் விதிக்கும் தண்டனை அல்ல. நிர்வாகத்துக்குச் சேர வேண்டிய ஒரு தொகை, அவ்வளவுதான். கட்டத் தவறினால் ரயில்வே ஊழியர் நீதித்துறை நடுவரிடம் விண்ணப்பித்து, அபராதத் தொகையை வசூலிப்பதுபோல அதை வசூலிக்கலாம். நடுவர் உத்தரவிட்ட பிறகும் கட்டாவிட்டால் பத்து நாட்களுக்குக் குறையாமல் ஒரு மாதம் வரை சிறை என்று அந்த உத்தரவிலேயே சேர்க்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு.

நீங்கள் பயந்துகொண்டிருக்கும் விஷயம் இதற்கு முந்தைய 137ஆம் பிரிவில் இருக்கிறது. டிக்கெட் இல்லாமல் பயணம் செய்வதை ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ விதிக்கத்தக்க குற்றமாக அது ஆக்குகிறது. ஆனால், ரயில்வேயை ஏமாற்றும் நோக்கத்துடன் பயணம் செய்பவருக்குத்தான் அந்தப் பிரிவு. உங்கள் செயலியின் பதிவில் அன்றைய டிக்கெட், எடுத்த நேரம், கட்டிய பணம் எல்லாம் இருக்கின்றன. வங்கிக் கணக்கிலும் அந்தப் பற்று பதிவாகியிருக்கும். காசு கொடுத்து டிக்கெட் எடுத்தவருக்கு ஏமாற்றும் நோக்கம் இருந்தது என்று வாதிடுவது எளிதல்ல. ஆகவே இன்றே செய்ய வேண்டிய முதல் வேலை, செயலியில் உள்ள பதிவையும் வங்கிக் குறுஞ்செய்தியையும் அச்செடுத்து வைத்துக்கொள்வது. கைப்பேசியை மாற்றும் எண்ணம் இருந்தால் அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். அன்று வண்டியில் செல்லாத அந்தப் பதிவுதான் இன்று உங்களுக்கு முக்கியமான சாட்சி.

பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்து வாங்கினார் என்பதாலேயே உங்கள் மேல் வழக்குப் பதிவாகிவிட்டது என்று பொருளில்லை. நடுவர் நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தால் அலட்சியம் செய்யாமல் குறித்த நாளில் ஆஜராகித் தொகையைக் கட்டிவிடுங்கள். வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பின்னால் நான் சொல்லும் புகார் மனுவிலேயே, “138ஆம் பிரிவின்படி நான் செலுத்த வேண்டிய தொகை எவ்வளவு என்று தெரிவித்தால் உடனே செலுத்தத் தயாராக இருக்கிறேன்” என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த ஒரு வரி இருந்தால், கட்டணம் கட்டாமல் தப்பிக்கப் பார்க்கிறார் என்று யாரும் பேச்சைத் திருப்ப முடியாது.

அரசு வேலையைப் பொறுத்தவரை, தேர்வாணையத்தின் படிவத்தில் குற்ற வழக்கும் தண்டனையும் பற்றிய கேள்விகளுக்கு உண்மையைத்தான் எழுத வேண்டும். 138ஆம் பிரிவின் கீழ் ஒரு தொகையைச் செலுத்துவது குற்றத் தீர்ப்பு ஆகாது. நீங்கள் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். பதிவானால் அதில் உங்கள் பெயர் புகார்தாரர் என்ற இடத்தில்தான் இருக்கும். ‘எஃப்.ஐ.ஆரில் பெயர் ஏறிவிட்டாலே போலீஸ் விசாரணையில் சிக்கல்’ என்ற பயம் நம் வீடுகளில் ஏனோ வேரூன்றிக் கிடக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரும் குற்றத்துக்கு ஆளானவரும் சரிபார்ப்பு அதிகாரிக்கு ஒன்றல்ல.

இரவில் இறக்கிவிட்டது சட்டமீறல்

உங்கள் கடிதத்தில் நீங்கள் இதை ஒரு வருத்தமாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. ஆனால் முழுக் கடிதத்திலும் உங்களுக்கு மிகவும் வலுவான இடம் இதுதான்.

கட்டணமும் கூடுதல் தொகையும் கட்டாதவரை வண்டியிலிருந்து இறக்க 139ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. அதே பிரிவு இரண்டு வரம்புகளையும் போடுகிறது. உயர் வகுப்பிலிருந்து இறக்கப்பட்டவர், தன்னிடம் எந்த வகுப்புக்கு டிக்கெட் இருக்கிறதோ அந்த வகுப்பில் பயணத்தைத் தொடரத் தடையில்லை என்பது முதலாவது. இரண்டாவது வரம்பு உங்களுக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது: ஆண் துணையின்றிப் பயணம் செய்யும் பெண்ணையோ குழந்தையையோ, அவர் பயணத்தைத் தொடங்கிய நிலையத்திலோ, ஒரு சந்திப்பு நிலையத்திலோ, கடைசி நிலையத்திலோ, மாவட்டத் தலைநகர் நிலையத்திலோ தவிர வேறெங்கும் இறக்கக் கூடாது, அப்படி இறக்குவதும் பகல் நேரத்தில் மட்டுமே.

உங்கள் தடத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் புறப்பட்டது தாம்பரம். வழியில் செங்கல்பட்டு ஒரு சந்திப்பு, மாவட்டத் தலைநகரும்கூட. விழுப்புரமும் அப்படியே. இவற்றுக்கு இடையில் உள்ள சிறிய நிலையத்தில் உங்களை இறக்கியது இடத்தாலும் தவறு, நேரத்தாலும் தவறு. இரவு ஒன்பதரை மணிக்கு விழுப்புரம் சந்திப்பிலேயே இறக்கியிருந்தாலும் அது சட்டத்துக்குப் புறம்பானதுதான். உங்களிடம் டிக்கெட் இருந்ததா, நீங்கள் எந்த வகுப்பில் ஏறினீர்கள் என்பவை இங்கே எழவே இல்லை. ஏனென்றால் இந்தப் பாதுகாப்பே டிக்கெட் இல்லாமல் பிடிபட்டுப் பணம் கட்ட முடியாத பெண்ணுக்காக எழுதப்பட்டது. டிக்கெட் இருப்பவரை யார் இறக்கப் போகிறார்கள்?

ஆண் துணையோடு வரும் பெண்ணை மட்டும் எந்த நிலையத்திலும் எந்த நேரத்திலும் இறக்கலாம் என்று விட்டிருப்பது எனக்கு உடன்பாடில்லை. அது வேறு பேச்சு. உங்கள் வழக்குக்கு இப்போதுள்ள சொற்களே போதும்.

அந்தப் பரிசோதகர் வேறென்ன செய்திருக்கலாம் என்றும் பார்ப்போம். படுக்கை வசதிப் பெட்டியில் சார்ஜ் போடும் இடம் இருக்கிறது. பத்து நிமிடம் கைப்பேசியைச் சொருகி வைக்க விட்டிருந்தால் டிக்கெட்டும் தெரிந்திருக்கும், கட்ட வேண்டிய பணத்தையும் நீங்கள் செயலி வழியாகவே கட்டியிருக்கலாம். அல்லது எழுதிக்கொண்ட தாளை வைத்தே 138ஆம் பிரிவின்படி நடுவரிடம் போயிருக்கலாம். பின்தொடர்ந்தவனைப் பற்றி நீங்கள் சொன்னவுடன் ரயில்வே பாதுகாப்புப் படைக்குத் தகவல் சொல்லியிருக்க வேண்டும். ஆண்கள் பெண்கள் பெட்டியில் உட்கார்ந்திருந்ததே 162ஆம் பிரிவின்படி 500 ரூபாய் வரை அபராதத்துக்குரியது. அவர்களை அப்புறப்படுத்தவும் ரயில்வே ஊழியருக்கு அதிகாரம் இருந்தது. இறக்கிவிட வேண்டியவர்களை விட்டுவிட்டு உங்களை இறக்கியிருக்கிறார்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். 139ஆம் பிரிவின் இந்த வரம்பை மீறும் ஊழியருக்கு இன்ன தண்டனை என்று அந்தப் பிரிவே சொல்லவில்லை. பணியில் இருக்கும் ஊழியர் விதியையோ உத்தரவையோ மீறி, அல்லது கவனக்குறைவால் ஒருவரின் பாதுகாப்புக்கு ஆபத்து விளைவித்தால் இரண்டு ஆண்டு வரை சிறை என்று 175ஆம் பிரிவு சொல்கிறது. அதை இங்கே பொருத்தலாம் என்று வாதிட இடமுண்டு. ஆனால் அங்கிருந்து தொடங்க வேண்டாம் என்பதே என் யோசனை. துறை விசாரணைக்கு வழி செய்யும் புகார்தான் விரைவில் பலன் தரும்.

உங்களைத் தொட்டவன் மீதான புகார்

மூன்று வாரம் கடந்துவிட்டதால் காலம் தப்பிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டப்படி இது தாமதமே அல்ல. பாலியல் சீண்டல் வழக்குகளில், குடும்பத்தின் தயக்கத்தால் புகார் தள்ளிப்போவது இயல்பு என்பதை நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டே வந்திருக்கின்றன. ஏன் தாமதமாயிற்று என்பதை மட்டும் மனுவில் நேர்மையாகச் சொல்லிவிடுங்கள். நான் அவசரப்படுத்துவது வேறொரு காரணத்துக்காக: நிலையக் கண்காணிப்பு கேமராக்களில் குறிப்பிட்ட நாட்களுக்குப் பிறகு பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறிவிடும். தாம்பரத்தில் நீங்கள் ஏறிய நடைமேடையில் கேமரா இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காட்சியைப் பாதுகாத்து வைக்கும்படி புகாரிலேயே கேளுங்கள்.

புகாரை எங்கே கொடுப்பது என்பதிலும் உங்களுக்குக் குழப்பம் இருக்கிறது. ரயில்வே பாதுகாப்புப் படை மத்திய அரசின் கீழ் வருவது. ரயில்வே சட்டத்தின் மீறல்களை அது கவனிக்கும். உங்களைத் தொட்டதும் பின்தொடர்ந்ததும், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் கீழ் வரும் குற்றங்கள். அவற்றைப் பதிவு செய்து விசாரிப்பது மாநிலக் காவல்துறையின் இருப்புப்பாதைக் காவல் நிலையம். தாம்பரம், விழுப்புரம் போன்ற பெரிய நிலையங்களில் அது நிலைய வளாகத்திலேயே இருக்கும். வண்டி ஓடிக்கொண்டிருந்தபோது நடந்ததால் எல்லை எங்களுடையதல்ல என்று யாரும் உங்களை அலைக்கழிக்க முடியாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்தாக வேண்டும். உங்களுடையதைப் போன்ற புகாரைப் பெண் காவல் அதிகாரிதான் எழுதிக்கொள்ள வேண்டும்.

பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவிக்கும் நோக்கில் தொடுவது நியாய சன்ஹிதாவின் 74ஆம் பிரிவு. ஓராண்டுக்குக் குறையாமல் ஐந்தாண்டு வரை சிறை. ஆபாசப் பேச்சுக்கு 75, 79 ஆகிய பிரிவுகள் பொருந்தும். எந்தப் பிரிவு என்பதை நீங்கள் எழுத வேண்டியதில்லை. என்ன நடந்தது என்பதை வரிசையாக, அவன் சொன்ன சொற்களைக் கூச்சப்படாமல் அப்படியே எழுதுங்கள். ‘தவறாக நடந்துகொண்டான்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதால்தான் பல புகார்கள் நீர்த்துப்போகின்றன. அவன் சட்டை நிறம், கையில் இருந்த பை, எந்த நிலையத்தில் ஏறினான் என்று நினைவில் உள்ள எதையும் விடாதீர்கள். பெயர் தெரியாத ஆள் மீதும் புகார் கொடுக்கலாம். கண்டுபிடிப்பது காவல்துறையின் வேலை.

காவல் நிலையத்தில், வழக்குப் பதியாமல், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பப் பார்க்கலாம். மூன்று முதல் ஏழு ஆண்டுக்கு உட்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களில், டி.எஸ்.பி.யின் அனுமதியோடு 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தப் புதிய சட்டம் இடம் தருகிறது. ஆகவே முதல் நாளே எஃப்.ஐ.ஆர். போடாவிட்டால் மனம் தளர வேண்டாம். அந்த 14 நாளும் கடந்துவிட்டால், அல்லது புகாரையே வாங்க மறுத்தால், ரயில்வே காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் மனுவை அனுப்புங்கள். அங்கும் நடவடிக்கை இல்லையென்றால் நடுவர் நீதிமன்றத்தை நாடலாம். எஃப்.ஐ.ஆர். நகலை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும்.

சங்கிலியை இழுக்கலாமா என்று யோசித்து, ஆயிரம் ரூபாய் அபராதம் போடுவார்களே என்று பயந்து விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். 141ஆம் பிரிவு தண்டிப்பது தக்க காரணமின்றி இழுப்பவரைத்தான். ஒருவன் உடம்பில் கைவைப்பதும் விரட்டி வருவதும் தக்க காரணம் இல்லையென்றால் வேறெது தக்க காரணம்? 2025 பிப்ரவரியில் கோவை–திருப்பதி விரைவு ரயிலின் பெண்கள் பெட்டியில் ஏறிய ஒருவன், தனியாக இருந்த கர்ப்பிணியைச் சீண்டி, எதிர்த்தவரை ஓடும் வண்டியிலிருந்து தள்ளிவிட்டான். அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. இதை உங்களைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பெட்டி மாறி ஓடியதை ‘தேவையில்லாத பதற்றம்’ என்று உங்கள் உறவினர் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள்; அவரிடம் இதைச் சொல்லலாம்.

நிர்வாகத்துக்கான புகாரும் பத்து லட்சமும்

பரிசோதகர் மீதான புகாரை அந்தக் கோட்டத்தின் முதுநிலை வணிக மேலாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதையே ‘ரயில் மதத்’ (Rail Madad) என்ற ரயில்வேயின் இணையப் புகார் தளத்திலும் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 139ஆம் பிரிவின் வரம்பை எடுத்துக்காட்டி, இறக்கப்பட்ட நிலையத்தின் பெயரையும் நேரத்தையும் தெளிவாக எழுதுங்கள். ‘அவராகத்தான் இறங்கிப் போனார்’ என்ற பதில் வரும் என்று இப்போதே எதிர்பாருங்கள். அதற்கு மறுமொழி உங்களிடம் இருக்கிறது. முன்பின் தெரியாத ஒரு கைப்பேசி எண்ணிலிருந்து அன்றிரவு உங்கள் அப்பாவுக்கு வந்த அழைப்பு அவருடைய கைப்பேசிப் பதிவில் இருக்கும். அந்த எண் பாயிண்ட்ஸ்மேனுடையது. பணியில் இருந்த நிலைய அதிகாரி உங்களைப் பார்த்திருக்கிறார். சொந்த ஊருக்கு டிக்கெட் வைத்திருந்த பெண், வழியில் ஆளில்லாத நிலையத்தில் இரவில் விரும்பி இறங்கி, யாரோ ஒருவரின் கைப்பேசியில் அப்பாவை வரச்சொல்லிக் காத்திருந்தார் என்பதை யாரும் நம்ப மாட்டார்கள்.

இதோடு 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனுவும் போடுங்கள். அந்த வண்டியில் அன்று பணியில் இருந்த பரிசோதகர்களின் பணிப்பதிவு, உங்கள் பெயரில் எழுதப்பட்ட தாளின் நகல், வண்டி அந்த நிலையத்துக்கு வந்து புறப்பட்ட நேரம், இந்த மூன்றையும் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். உங்கள் பெயரில் வழக்கு ஏதும் இருக்கிறதா என்ற கேள்விக்கும் அந்த நகலிலேயே விடை கிடைத்துவிடும்.

அப்பா சொல்லும் நஷ்டஈட்டு விஷயத்துக்கு வருகிறேன். ரயில்வே தீர்ப்பாயத்தில் 124-ஏ பிரிவின் கீழ் கிடைக்கும் இழப்பீடு, வண்டியிலிருந்து தவறி விழுதல், வன்முறைத் தாக்குதல் போன்றவற்றால் உயிரிழப்போ உடல் காயமோ ஏற்பட்டவர்களுக்கு. கடவுள் புண்ணியத்தில் அது உங்களுக்குப் பொருந்தாது. அந்தப் பிரிவில்கூட டிக்கெட் இல்லாதது முடிவான தடை அல்ல என்பதை உங்கள் அம்மாவுக்காகச் சொல்கிறேன். 2018இல் இந்திய ஒன்றியம் எதிர் ரீனா தேவி வழக்கில், இறந்தவரிடமோ காயமடைந்தவரிடமோ டிக்கெட் காணப்படவில்லை என்பதாலேயே அவர் உண்மையான பயணி அல்ல என்று தள்ளிவிட முடியாது, உரிய விவரங்களோடு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தால் மறுத்து நிரூபிக்கும் பொறுப்பு ரயில்வேக்கு மாறிவிடும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

உங்களுக்குத் திறந்திருக்கும் வழி நுகர்வோர் ஆணையம். டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்ததால் நீங்கள் நுகர்வோர். நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே, சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம்; உங்களுடையதைப் போன்ற சிறு தொகைச் சேவைக்கு மனுக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம். முன்பதிவுப் பெட்டிக்குள் அத்துமீறி ஏறியவர்களால் ஒரு பயணி தாக்கப்பட்டுப் பொருளை இழந்ததைச் சேவைக் குறைபாடு என்று உச்ச நீதிமன்றம் 2004இல் ஏற்றிருக்கிறது. பயணி தன்னோடு வைத்திருந்த பணம் திருடு போனதற்கு ரயில்வே பொறுப்பல்ல என்று 2023இல் சொன்னதும் அதே நீதிமன்றம்தான். உங்கள் விஷயத்தில் மூன்றாம் மனிதனின் குற்றத்தைவிட ஊழியரே சட்டத்தை மீறிய செயல்தான் மையம் என்பதால் உங்கள் நிலை இரண்டாவதைவிட வலுவானது. ஆனால் பத்து லட்சம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். உடல் காயமோ பொருள் இழப்போ இல்லாத மன உளைச்சலுக்கு மாவட்ட ஆணையங்கள் வழங்குவது அதைவிட வெகு குறைவான தொகை. மிகையாகக் கேட்டால் உங்கள் நோக்கத்தின் மேல் சந்தேகம் விழும். இரண்டு ஆண்டு அவகாசம் இருப்பதால், நிர்வாகத்தின் பதிலும் தகவல் உரிமை ஆவணங்களும் கைக்கு வந்த பிறகு இதைப் பற்றி முடிவு செய்யலாம்.

அப்பாவுக்கும் தம்பிக்கும்

அந்தப் பரிசோதகரைத் தேடிப்போய் நாலு வார்த்தை கேட்க வேண்டாம் என்று உங்கள் அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பணியில் இருப்பவரைத் தடுத்தால் ரயில்வே சட்டத்தின் 146ஆம் பிரிவு; கை நீண்டுவிட்டால் அரசு ஊழியரைத் தாக்கியதாக அதைவிடக் கடுமையான வழக்கு. அப்போதுதான் அம்மா பயப்படுவதுபோல் கேஸ் உண்மையிலேயே உங்கள் வீட்டின் மேல் திரும்பும். படத்தை இணையத்தில் போடுவதும் அப்படித்தான். தவறான ஆளின் படமாக இருந்துவிட்டால் அவதூறு வழக்கைச் சந்திக்க வேண்டியிருக்கும். சரியான ஆளாகவே இருந்தாலும், துறை விசாரணையில் அவர் தன்னைப் பாதிக்கப்பட்டவராகக் காட்டிக்கொள்ள நீங்களே வழி செய்து கொடுத்ததாகிவிடும்.

இனி பயணம் செய்யும்போது

வாரந்தோறும் அதே தடத்தில் போகிறவர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 55ஆம் பிரிவில், உரிய டிக்கெட் இல்லாதவர் அதிகாரம் பெற்ற ரயில்வே ஊழியரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுப் பயணம் செய்யவும், அதற்குச் சான்று பெறவும் வழி இருக்கிறது. அந்தச் சான்று இருந்தால் கட்டணத்தை மட்டும் கட்டினால் போதும், கூடுதல் தொகை கிடையாது. இருந்தும் இல்லாததுபோல் கிடக்கும் ஏற்பாடு இது. பயணிகளும் கேட்பதில்லை, ஊழியர்களும் சொல்வதில்லை. மறுபடி பெட்டி மாற வேண்டிய நிலை வந்தால், இருக்கையில் உட்காருவதற்கு முன் பரிசோதகரைத் தேடிப்போய், “பெண்கள் பெட்டியில் தொந்தரவு, அதனால் இங்கே வந்திருக்கிறேன், வித்தியாசத்தைக் கட்டிவிடுகிறேன்” என்று நீங்களே சொல்லுங்கள். கட்டிய பணத்துக்கு ரசீது வாங்காமல் விடாதீர்கள்.

ரயிலுக்குள் உதவிக்கு 139, இருப்புப்பாதைக் காவலுக்கு 1512, இரண்டு எண்களையும் கைப்பேசியில் மட்டுமன்றிப் பர்ஸுக்குள் ஒரு தாளிலும் எழுதி வையுங்கள். செயலி டிக்கெட்டை நம்பிப் போகும் நாளில் பவர் பேங்க் எடுத்துச் செல்லுங்கள். இல்லையென்றால் வரிசையில் நின்றாவது காகித டிக்கெட்டே வாங்கிக்கொள்ளுங்கள். இரவுப் பயணத்தில் ஐந்நூறு ரூபாய் ரொக்கம் தனியாக இருக்கட்டும்.

காவல் நிலையப் புகாரை இந்த வாரமே கொடுங்கள். வணிக மேலாளருக்கான மனுவில் அந்தப் புகாரின் ரசீது எண்ணையும் சேர்த்து மறுநாளே அனுப்பிவிடலாம். காவல் நிலையத்துக்கு அம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள். செயலிப் பதிவின் அச்சு, அப்பாவின் கைப்பேசியில் அந்த அழைப்பு இருக்கும் பக்கத்தின் அச்சு, சம்பவத்தை நீங்களே எழுதிக் கையெழுத்திட்ட மனு, மூன்றிலும் இரண்டு பிரதிகள் கையில் இருக்கட்டும். ஒன்றைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் தேதியும் முத்திரையும் பெற்று உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.